நிலை: எந்திரத்தில் செல்கிறது

அட்டவணையில் நீ இருபத்தொன்பது மீட்டர்.
பொய். பின்புறத் தடுப்பு ரப்பரையும் சேர்த்தால்
இன்னும் அறுபது சென்டிமீட்டர்.
இழுவிசை ஐம்பத்திரண்டு டன் என்று போட்டிருக்கிறார்கள்;
இடது சுழலியின் வளையம் நசுங்கியதிலிருந்து
நாற்பத்தொன்பதைத் தாண்டியதில்லை நீ.
கட்டிய ஆண்டு சரி. கொடி சரி.
பெயர் நெவென்கா, முதலாளியின் அம்மா, சரி.
வகை: இழுவைப் படகு.
அதுவும் சரிதான், இந்த வாரம் நீங்கலாக.

இந்த வாரம் உன்னை இன்னொன்று இழுத்துப் போகிறது.
திரையில் இரண்டு முக்கோணம்,
நடுவே திரை காட்டாத நானூறு மீட்டர் கயிறு.
பாம்பெரோ முன்னால், நீ பின்னால்,
இருவருக்கும் ஒரே வேகம், நாலு புள்ளி ஒன்று.
நிலை என்ற கட்டத்தில் மட்டும்
எந்திரத்தில் செல்கிறது என்று இன்னும் இருக்கிறது.
யாரும் மாற்றவில்லை.
உன் எந்திரம் குளிர்ந்து பத்தொன்பது நாள்.
கடைசியாக அணைத்தது என் கை.

புந்தா அரேனாஸில் காற்று
டயர் கடைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
பதினோரு வருடம் உன் வயிற்றுக்குள் கிடந்தவள்
இப்போது லாரி டியூபுக்கு ஒட்டுப் போடுகிறேன்.
ராத்திரி அடுப்பைக் குறைத்துவிட்டு
செல்பேசியில் உன்னைத் தேடுவேன்.
பாசம் கீசம் என்று நினைத்துக்கொள்ளாதே.
காலி செய்த வாடகை வீட்டைத் தாண்டும்போது
விளக்கு எரிகிறதா என்று பார்ப்போமே, அது.

கால்வாய்களுக்குள் மலை மறைத்துவிடும்.
கடைசிச் சமிக்ஞை: நாற்பத்தேழு நிமிடம் முன்பு.
அப்புறம், ஆறு மணி நேரம் முன்பு.
போன இடத்திலேயே நிற்பதாகத் திரை சொல்லும்,
அங்கே நீ இல்லை என்று எனக்குத் தெரியும்.
விடியற்காலை துயரங்களின் வளைகுடாவில் முளைத்தாய்
(அதன் பெயரே அதுதான், நான் வைக்கவில்லை).
மிதவை ஆழம் ஐந்து புள்ளி நாலு.
நேற்று நாலு புள்ளி எட்டு.

அந்த எண்ணைக் கருவி அளப்பதில்லை.
யாராவது விரலால் தட்டவேண்டும்.
உன்மேல் இருப்பது லினோ பரியாவும் ஒரு புதுப் பையனும்.
சேருமிடத்தைப் பார்த்தேன்.
சிம்போத்தே, பழைய இரும்புக்காரனின் துறைமுகம்,
அழிந்திருந்தது.
இருபது எழுத்துதான் கொள்ளும் அந்தக் கட்டம்.
இருபதையும் செலவழித்திருந்தான்:

யாஸ்னா வால்வு 3 எப்படி

அடப்பாவி.
கைப்பிடி குழாயோடு நேராய் நின்றால் திறப்பு,
குறுக்கே கிடந்தால் அடைப்பு; ஊர் உலகத்து வழக்கம்.
மூன்றாவதை மட்டும், அலையில், அவசரத்தில்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நான் மாற்றிப் பொருத்திவிட்டேன்.
எந்திர அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.
லினோ சமையல்காரன்.
உன் விவரப் பட்டியலில் அதற்கொரு கட்டம் இல்லை.

பாம்பெரோ கேப்டனை அவன் கேட்கமாட்டான்.
தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால்
ஆட்களை ஏற்றிக்கொண்டு கயிற்றை வெட்டிவிடுவார்.
லினோவின் பாக்கிச் சம்பளம்
உன் இரும்பின் எடையில் இருக்கிறது.
என்னுடையதும்.

கடற்படை வானொலிக்குப் போன் போட்டேன்.
குடும்பச் செய்தி, என்றேன்.
கார்ப்பரல் ஒயார்சோ கொட்டாவியோடு எழுதிக்கொண்டு
வளைகுடாவில் காது இருந்த அத்தனை படகுக்கும்
ஒவ்வொரு சொல்லாய் வாசித்தார்:
"லினோவுக்கு. அத்தை வீட்டுத் தாழ்ப்பாள்
குறுக்கே கிடந்தால் கதவு திறந்திருக்கிறது.
மூன்றாவது கதவு. நேராக்கு."

அப்புறம் எதுவும் இல்லை.
கடையில், காற்றடித்த டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
கை துடைத்தேன், பார்த்தேன். ஐந்து புள்ளி நாலு.
துடைத்தேன், பார்த்தேன். ஐந்து புள்ளி நாலு.
சாப்பாட்டு நேரம் கழிந்து
சேருமிடத்தில் சிம்போத்தே திரும்பி வந்தது,
ஓர் எழுத்து குறைவாக.
ஆழம் மாறியிருந்தது.

லாரிக்காரர் கதவருகில் நின்று
இன்னும் எவ்வளவு நேரம் என்றார்.
ஐந்து புள்ளி ஒன்று, என்றேன்.